தத்துவம் படித்தவருக்குச் சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது, தெரியுமா?

இந்தியாவில் ஒரு புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் மருத்துவர் சரி என்றால் மட்டும் போதாது. மருந்தியல் பேராசிரியர் தலையாட்டினாலும் போதாது. நெறிமுறைக் குழு கூட வேண்டும். குறைந்தது ஏழு பேர். அந்த ஏழு பேரில் யார் யார் இருக்க வேண்டும் என்று புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், 2019 வரிசையாகச் சொல்கின்றன. ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், துறை சாராத பொதுமனிதர் ஒருவர். அப்புறம் வருகிறது அந்த இடம்: சமூக அறிவியலாளர், அல்லது தொண்டு அமைப்பின் பிரதிநிதி, அல்லது தத்துவ அறிஞர், அல்லது அறவியல் அறிஞர், அல்லது இறையியலாளர்!

ஆமாம், மாத்திரையையும் ஊசியையும் பற்றிய விதிப் புத்தகத்துக்குள் ‘தத்துவ அறிஞர்’ என்ற சொல் இருக்கிறது. இதைவிடப் பெரிய ஆச்சரியம் கூட்டத்துக்கான குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், பற்றிய விதியில். முடிவெடுக்கக் குறைந்தது ஐந்து பேர் வர வேண்டும். அந்த ஐந்து பேரிலும் இந்த நாற்காலிக்காரர் ஒருவர் கட்டாயம். அவர் வராத அன்று, மற்றவர்கள் எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும், அந்தச் சோதனைக்கு அனுமதி தர முடியாது.

அங்கே உட்கார்ந்து அவர் என்ன செய்வார்? கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம் மேசைக்கு வருகிறது. ‘நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி. மருத்துவர் படிக்கிறார், சரி. வழக்கறிஞர் படிக்கிறார், சட்டப்படி சரி. தத்துவம் படித்தவர் அந்த வரியில் நின்றுவிடுகிறார். விலகினால் இலவச சிகிச்சையும் நின்றுவிடுமா? கேட்பவரே சிகிச்சை செய்யும் டாக்டர் என்றால், ‘வேண்டாம்’ என்று சொல்ல அந்த நோயாளிக்கு உண்மையிலேயே வாய் வருமா? ‘முடியும்’ என்று எழுதியிருப்பதும், ஒருவரால் முடிவதும் ஒன்றா? சுதந்திரம் என்றால் என்ன என்று மூன்று வருஷம் வகுப்பில் மல்லுக்கட்டியது, இந்த ஒரு வரியில் ஏழை நோயாளிக்குக் கவசமாகிறது. எனக்கு இதைவிட அழகான வேலை தெரியாது.

இந்த நாற்காலி சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை, மேகநோய் வந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலேயே, நோய் எப்படி முற்றுகிறது என்று அரசே பார்த்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை! செய்தி வெளியே வந்து நாடே கொதித்த பிறகு அமைந்த ஆணையம் 1979இல் வெளியிட்டதுதான் பெல்மான்ட் அறிக்கை. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று தூண்களை நிறுத்திய அந்த அறிக்கையை எழுதியதில் பெரும்பங்கு டாம் பீச்சம் என்ற தத்துவப் பேராசிரியருக்கு.

சோதனைக்குழாய்க் குழந்தை விஷயத்திலும் ஒரு தத்துவ ஆசிரியையின் கை இருக்கிறது, தெரியுமா? 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது உலகம் வாயைப் பிளந்தது. அடுத்த கேள்வி உடனே எழுந்தது: ஆய்வகத்தில் உருவாகும் கருவை எத்தனை நாள் வரை வைத்து ஆராயலாம்? பிரிட்டிஷ் அரசு 1982இல் குழு அமைத்தது. தலைமை தாங்க அவர்கள் அழைத்தது மகப்பேறு மருத்துவரை அல்ல, ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த மேரி வார்னாக்கை! குழுவில் இருந்த கருவியல் அறிஞர் ஆன் மெக்லாரன் அறிவியலைப் பாடம்போல் விளக்கினார். கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியான கோடு தோன்றுவது ஏறக்குறைய பதினைந்தாம் நாளில். அதற்குப் பிறகு அந்தக் கரு இரட்டையாகப் பிரியாது. அது ஒரே ஒரு உயிராக நிலைத்துவிடுகிறது. ஆகவே 14 நாள் என்று 1984ஆம் ஆண்டு அறிக்கை எல்லை போட்டது. யாரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய எல்லை. அது 1990இல் சட்டமானது. பிறகு பல நாடுகளுக்குப் போனது.

சரி, நம் பக்கம் வருவோம். திருத்தணியில் 1888இல் பிறந்த ஒரு பையன். வேலூரில் படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தான். வீட்டில் பணம் இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்பதால் பாடமும் அதுவாகவே அமைந்துவிட்டது! அந்தப் பையன்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மைசூர், கல்கத்தா என்று பேராசிரியர் பதவிகள், 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியர், 1949இல் சோவியத் நாட்டுக்கு இந்தியத் தூதர், 1952இல் குடியரசுத் துணைத்தலைவர், 1962இல் குடியரசுத் தலைவர். செப்டம்பர் 5 அன்று ஆசிரியருக்கு வாழ்த்துச் சொல்கிறோமே, அது ஒரு தத்துவ வாத்தியாரின் பிறந்தநாள். பழைய புத்தகக் கட்டு ஒன்று இவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அடுத்தது இன்னும் வியப்பு. உங்கள் கையில் இருக்கும் செல்போன் ஒரு தத்துவ வகுப்பின் பேரக்குழந்தை, தெரியுமா?

கிளாட் ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் படித்தவர். அங்கே ஒரு தத்துவ வகுப்பில் ஜார்ஜ் பூலின் தருக்கத்தைக் கேட்டார். அதைப் பற்றிப் பூல் 1854இல் எழுதிய நூல், எண்ணத்தையே கணக்காக எழுதிப் பார்த்தது: மெய்க்கு 1, பொய்க்கு 0. பொறியாளர்கள் பெரும்பாலும் அதைச் சீந்தவில்லை. ஷானனோ சுவிட்சைப் பார்த்தபோது பூலை நினைத்தார். இரண்டு சுவிட்சை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் இரண்டும் போட்டிருந்தால்தான் விளக்கு எரியும். அது ‘இதுவும் அதுவும்’. பக்கம்பக்கமாக இணைத்தால் ஏதாவது ஒன்று போதும்; அது ‘இது அல்லது அது’. உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கையே பாருங்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் அணைந்திருக்கும், வெவ்வேறு பக்கம் இருந்தால் எரியும் என்பது ஒரு வகை இணைப்பு. ‘இரண்டில் ஒன்று மட்டும்’ என்ற தருக்க வாக்கியம் உங்கள் சுவரில் பதிந்து கிடக்கிறது! இதை எழுதி 1937இல் எம்.ஐ.டி.யில் முதுகலை ஆய்வேடாகக் கொடுத்தபோது ஷானனுக்கு வயது 21. கணினியின் மின்சுற்று வடிவமைப்பு இன்றும் அந்த ஆய்வேட்டின் மேல்தான் நிற்கிறது.

பணம் சம்பாதிக்க முடியுமா என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஹங்கேரியிலிருந்து 1947இல் லண்டனுக்கு வந்து, ரயில் நிலையத்தில் சுமை தூக்கி, உணவகத்தில் பரிமாறி, லண்டன் பொருளாதாரப் பள்ளியில் தத்துவம் படித்தவர் ஜார்ஜ் சோரோஸ். மனிதர் நினைப்பது எப்போதும் சரியாக இருக்க முடியாது என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரிடம் கற்ற பாடத்தை நிதிச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டிஷ் பவுண்டு சரிந்தபோது அவருடைய நிதியத்துக்கு லாபம் ஏறக்குறைய 100 கோடி டாலர். வேலை தேடும் எல்லோரும் புழங்கும் லிங்க்ட்இன்னைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவ முதுகலை. அலுவலகங்களில் ஓயாமல் மணியடிக்கும் ஸ்லாக் செயலியை உருவாக்கிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு கனடாவில் தத்துவ இளங்கலை, கேம்பிரிட்ஜில் தத்துவ முதுகலை. அவர் முதலில் செய்ய நினைத்தது ஒரு கணினி விளையாட்டு. அது படுத்துவிட, அதிலிருந்து ஃபிளிக்கர் பிறந்தது. மறுபடி ஒரு விளையாட்டு, அதுவும் படுத்தது, அதிலிருந்து ஸ்லாக் பிறந்தது. 2021இல் அது கைமாறிய விலை 2,770 கோடி டாலர்!

கலைப் பக்கமும் இவர்கள் உண்டு. கவிஞர் டி.எஸ்.எலியட் ஹார்வர்டுக்குத் தத்துவ ஆய்வேட்டை எழுதி அனுப்பிவிட்டு, போர்க்காலத்தில் கடல் கடந்து போய் வாய்மொழித் தேர்வில் கலந்துகொள்ள முடியாமல் முனைவர் பட்டத்தை விட்டவர். பிறகு எட்டு வருஷம் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார். திரைப்பட இயக்குநர் டெரன்ஸ் மாலிக் கேமராவைத் தொடுவதற்கு முன் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கரை மொழிபெயர்த்தார், எம்.ஐ.டி.யில் தத்துவம் கற்பித்தார். திரைப்படம் எடுக்கும் கோயன் சகோதரர்களில் இளையவர் ஈதன், பிரின்ஸ்டனில் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனைப் பற்றி ஆய்வேடு எழுதியவர்.

இதெல்லாம் பெரிய மனிதர் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பெயர் வெளியே தெரியாத ஒரு வேலையைச் சொல்கிறேன். ‘காய்ச்சல்’ என்பது என்ன? ஒரு மருத்துவமனைக் கணினியில் அது நோய். இன்னொன்றில் அது நோயின் அறிகுறி. மூன்றாவதில் வெறும் 101 டிகிரி என்ற அளவு. மூன்றையும் சேர்த்து ஆராய்ச்சி செய்யச் சொன்னால் கணினி திணறிப்போகும். எது பொருள், எது அதன் குணம், எது நிகழ்வு என்று முதலில் வகுத்துக் கொடுக்க வேண்டும். நம் பழைய தத்துவப் பிரிவினரான வைசேடிகர்கள் திரவியம், குணம், கருமம் என்று பிரித்தார்களே, அதே வேலை! தத்துவத்தில் இதற்கு உள்ளியம் என்று பெயர்; தகவல் துறையில் அதுவே ஒரு தொழில். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாரி ஸ்மித் என்ற தத்துவப் பேராசிரியர் தலைமையில் உருவான அடிப்படை வகைப்பாடு 2021இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையாகவே வெளிவந்தது. குக்கருக்கும் ஹெல்மெட்டுக்கும் தரநிலை இருக்கும் உலகில், ‘இருப்பவை எத்தனை வகை’ என்ற கேள்விக்கும் தரநிலை எண் வந்துவிட்டது. தத்துவத்தோடு கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்த பிள்ளைகளுக்கு இது திறந்த வாசல்.

விபத்து நேரும்போது தானியங்கிக் கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று எம்.ஐ.டி. 2016இல் இணையத்தில் கேட்டபோது 4 கோடி முடிவுகள் வந்து குவிந்தன. அந்தக் கேள்வியின் வித்து ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவப் பேராசிரியை 1967இல் எழுதிய ஒரு கட்டுரை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தத்துவ முனைவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது இன்று சாதாரணச் செய்தி.

இப்போது மேற்படிப்புக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மூச்சு வாங்குகிறது!

கல்லூரி ஆசிரியராக விரும்புபவர்கள் எழுதும் யு.ஜி.சி. நெட் தேர்வில், பாடம் எதுவானாலும் முதல் தாள் பொது. வணிகவியல், கணினி, உடற்கல்வி, யாராக இருந்தாலும் சரி. அந்த முதல் தாளின் பாடத்திட்டத்தில் இந்தியத் தருக்கம் ஒரு பகுதி, தெரியுமா? பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்ற ஆறு அளவைகளையும் போலி ஏதுக்களையும் எல்லோரும் படிக்க வேண்டும். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு இருக்கிறது என்ற அந்தப் பழைய எடுத்துக்காட்டோடு கணினிப் பட்டதாரிகள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். தத்துவ மாணவருக்கோ அது வீட்டுச் சாப்பாடு.

இன்னும் கேளுங்கள். அந்த ஆறும் மணிமேகலைக் காப்பியத்தில் தமிழ் வடிவில் இருக்கின்றன: காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, அபாவம். வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் துறவி வடிவெடுத்துப் போய், அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் ‘உம் கொள்கை என்ன’ என்று கேட்டுக்கொண்டே போகிறாள். ஒரு பெண், பத்துத் தத்துவங்கள், ஒரே காதை! காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் பௌத்தத் தருக்கத்தை நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு ஒப்பிட்டு அறிஞர்கள் நூறாண்டுக்கு நெருக்கமாக விவாதித்து வருகிறார்கள். தமிழில் தத்துவ வாதம் செய்யும் நூல்கள் இன்னும் உண்டு: நீலகேசி இருக்கிறது, சிவஞான சித்தியாரின் பரபக்கம் இருக்கிறது, சிவஞான முனிவரின் மாபாடியம் இருக்கிறது. இந்த நூல்களையும் உரைகளையும் தமிழில் நேரடியாகப் படிக்கத் தெரிந்து, இன்றைய தத்துவ மொழியிலும் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகள் ஏன் வெளியே அலைகிறார்கள் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. காலடியில் சுரங்கம் கிடக்கிறது.

நெட் தேர்வில் தத்துவத்தின் பாட எண் 03. இளநிலை ஆய்வாளர் தகுதியும் சேர்ந்து கிடைத்து முனைவர் ஆய்வில் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தொகை முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. யோசிப்பதற்கு அரசு தரும் சம்பளம்! ஐ.ஐ.டி.க்குள் தத்துவம் படிக்கலாம் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. 2021 முதல் கேட் தேர்வில் மனிதவியல் தாள் இருக்கிறது, அதில் தத்துவம் தனிப் பிரிவு. டெல்லி, ஜே.என்.யூ., ஹைதராபாத், புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைக்கு முதுநிலை கியூட் தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை 1927இல் தொடங்கியது, டி.எம்.பி. மகாதேவன் காலத்தில் 1964இல் உயராய்வு மையமாக வளர்ந்து, இன்று ராதாகிருஷ்ணன் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இங்கேயே வாசல்கள் உண்டு. வெளிநாடு என்றால் தருக்கத்தில் ஆர்வமுள்ளவர்கள் மியூனிக், ஆம்ஸ்டர்டாம் இரண்டையும் பாருங்கள், ஆங்கிலத்திலேயே முதுகலை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத் தத்துவக் கழகம் 1889இலிருந்து இருக்கிறது.

ஐ.ஏ.எஸ். கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போமா? முதன்மைத் தேர்வில் தர வரிசைக்கு எடுத்துக்கொள்ளும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 1,750. தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாளுக்கு 500. 2013 முதல் வந்த அறவியல் தாளுக்கு 250. கட்டுரைத் தாளுக்கு 250. ஆக 1,000 மதிப்பெண்ணுக்கான பயிற்சி ஒரே பட்டப்படிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் என்றால் எந்தப் பட்டம் இருந்தாலும் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக இருந்த ஸ்டீபன் பிரேயரும் டேவிட் சூட்டரும் இளங்கலையில் தத்துவம் படித்தவர்கள்தான்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள், பொறாமையே வரும். இலங்கையில் உயர்தர வகுப்பிலேயே ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ ஒரு பாடம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதைத் தமிழில் எழுதித் தேர்வாகிறார்கள், மெய்யியல் பட்டத்தையும் தமிழிலேயே படிக்கிறார்கள். பிரான்சில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பொதுப் பிரிவு மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் நான்கு மணி நேரம் தத்துவத் தேர்வு எழுதுகிறார்கள். நம் மேல்நிலை வகுப்பில் தத்துவம் என்ற பெயரில் பாடம் இல்லை; ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ மட்டும் இருக்கிறது. கேரளத்தில் மேல்நிலையில் தத்துவம் இருக்கிறது, கர்நாடகத்தில் தருக்கம் இருக்கிறது.

ஆகவே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.எட். முடித்துத் தமிழ்நாட்டுப் பள்ளியில் தத்துவ ஆசிரியராகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரி ஆசிரியர் இடமும் குறைவு, போட்டி கடுமை. மேலே சொன்னவர்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: ஷானனுக்குக் கூடவே மின்சாரம் தெரியும், சோரோஸுக்குச் சந்தை தெரியும், வார்னாக்குக்குப் பக்கத்தில் மெக்லாரன் இருந்தார். தனித் தத்துவத்துக்குச் சம்பளம் தேடுவது சிரமம். அதோடு இன்னொன்று சேர்ந்தால் வேலை நடக்கிறது. சட்டமோ, புள்ளியியலோ, நிரல் எழுதுவதோ, பழைய உரைகளைப் படிக்கும் தமிழோ, வடமொழியோ, ஏதாவது ஒன்றை இரண்டாம் ஆண்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியிலோ பெரிய ஆஸ்பத்திரியிலோ நெறிமுறைக் குழு இருக்கும். அதன் உறுப்பினர் செயலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: நான் தத்துவம் படித்தவன், அல்லது படித்தவள், அறவியலில் இன்னின்ன படித்திருக்கிறேன், ஒப்புதல் படிவங்களைத் தமிழில் படித்துப் பார்க்க எனக்கு ஆர்வம் உண்டு. அது மாதச் சம்பள வேலை இல்லை, அவ்வப்போது கூடும் குழு. ஆனாலும் அந்த நாற்காலியை யாரைக்கொண்டு நிரப்புவது என்று தேடும் குழுவாகவும் அது இருக்கலாம். கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.